ஃபில்டர் வழியே வண்ணம்: மோனோ சிசிடி கேமராவில் முதல் நெபுலா

மோனோ சிசிடி கேமராவுக்கு நிறம் தெரியாது. விழுந்த ஒளி சிவப்பா நீலமா என்று சென்சார் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பிக்சலிலும் எத்தனை எலக்ட்ரான் சேர்ந்தது என்று மட்டும் எண்ணிச் சொல்கிறது. சென்சாருக்கு முன்னால் சிவப்பு ஃபில்டரை வைத்து ஒரு படம், பச்சையை வைத்து ஒன்று, நீலத்தை வைத்து ஒன்று எனத் தனித்தனியே எடுத்து, பிறகு கணினியில் மூன்றையும் சேர்க்கும்போதுதான் வண்ணம் பிறக்கிறது. ஆகவே நீங்கள் எடுக்கப்போவது ஒரு வண்ணப்படம் என்று நினைக்காதீர்கள். மூன்று கறுப்பு-வெள்ளை அளவீடுகள் என்று நினையுங்கள். ஒன்றில் ஃபோகஸ் தவறினாலும், ஒன்றில் மட்டும் தூசி நிழல் தங்கினாலும், ஒன்றுக்கு மட்டும் நேரம் குறைந்தாலும், அந்தக் குறை கடைசியில் வானத்தில் இல்லாத ஒரு நிறமாக வந்து நிற்கும். இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் எல்லா வேலைகளுக்கும் காரணம் இதுதான்.

முறை பழையது. 1861இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் லண்டனில் ஒரு கட்டம்போட்ட ரிப்பனின் வண்ணப்படத்தைத் திரையில் காட்டினார். தாமஸ் சட்டன் சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்கள் வழியே எடுத்த மூன்று கறுப்பு-வெள்ளைப் படங்களை, அதே நிற ஃபில்டர்கள் பொருத்திய மூன்று விளக்குகளால் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தியதில் அந்த வண்ணம் கிடைத்தது. கண்ணாடித் தட்டுகளின் கடைசிக் காலத்தில் ஆங்கிலோ-ஆஸ்திரேலிய ஆய்வகத்தில் டேவிட் மாலின் இதே வழியில்தான் நெபுலாக்களின் நிறங்களை வெளியே கொண்டுவந்தார். ஹப்பிள் தொலைநோக்கியின் கேமராக்களும் ஃபில்டர் மாற்றி மாற்றித்தான் படமெடுக்கின்றன. நீங்கள் மொட்டைமாடியில் செய்யப்போவது அதே வேலை.

சாதாரண வண்ணக் கேமராவில் இந்த ஃபில்டர்கள் பிக்சல்களின்மேலேயே ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு நான்கு பிக்சலில் இரண்டுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வடிவமைத்த அமைப்பு அது. பகல் வெளிச்சத்துக்கு அது போதும். ஆனால் ஹைட்ரஜன் நெபுலா பெரும்பாலும் எச்-ஆல்ஃபா எனப்படும் 656.3 நானோமீட்டர் சிவப்பில் ஒளிர்கிறது. வண்ணக் கேமராவில் அந்த ஒளியைப் பிடிப்பது நான்கில் ஒரு பிக்சல்தான். மோனோவில் நான்கும் பிடிக்கும். குறுகிய அலைவரிசை ஃபில்டர்களைப் பயன்படுத்தும்போது இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும்.

சிசிடி இன்று புதிதாக வாங்கும் பொருளல்ல. 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய இந்தச் சாதனத்துக்கு 2009இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. 2015இல் சோனி சிசிடி உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. சந்தையில் இப்போது சிமாஸ் கேமராக்கள்தான். ஆனாலும் நல்ல நிலையிலுள்ள பழைய மோனோ சிசிடி ஒன்று கையில் வந்தால் தயங்காமல் அதிலேயே தொடங்குங்கள் என்பேன். கெயின், ஆஃப்செட் என்று திருகிப் பார்க்க அதில் எதுவும் இல்லை. வெப்பநிலை, எக்ஸ்போஷர், ஃபில்டர் ஆகிய மூன்றை மட்டும் நீங்கள் முடிவு செய்தால் போதும். படம் மோசமாக வந்தால் காரணம் எங்கே என்று தேடிக் கண்டுபிடிப்பது எளிது. கற்றுக்கொள்பவருக்கு இது பெரிய வசதி.

கருவியும் கணக்கும்

எடுத்துக்காட்டாக ஓர் அமைப்பை வைத்துக்கொள்வோம்: கே.ஏ.எஃப்.-8300 சென்சார் உள்ள கேமரா, 530 மி.மீ. குவியத்தூரம் கொண்ட சிறிய ரிஃப்ராக்டர், கைடிங் வசதியுள்ள ஈக்வடோரியல் மவுண்ட், ஐந்து அறை ஃபில்டர் வீல். இந்தச் சென்சாரில் 3326க்கு 2504 பிக்சல்கள், ஒவ்வொன்றும் 5.4 மைக்ரான். பல கேமரா நிறுவனங்கள் இதைப் பயன்படுத்தியதால் பழைய கேமராக்களில் அதிகம் கிடைப்பதும் இதுவே.

ஒரு பிக்சல் வானத்தில் எவ்வளவு இடத்தைப் பார்க்கிறது என்று முதலில் கணக்கிடுங்கள். பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206.3 ஆல் பெருக்கி, குவியத்தூரத்தால் வகுத்தால் ஆர்க் நொடியில் விடை வரும். நம் அமைப்பில் ஏறத்தாழ 2.1. மொத்தக் காட்சிப்பரப்பு சுமார் 1.9 டிகிரிக்கு 1.5 டிகிரி, முழுநிலவை அகலவாக்கில் ஏறத்தாழ நான்கு முறை அடுக்கலாம். 2.1 ஆர்க் நொடி கொஞ்சம் பருமனான அளவுதான், ஆனால் தொடங்குபவருக்கு அது நல்லது. கைடிங்கில் ஒரு ஆர்க் நொடி தடுமாற்றம் இருந்தாலும் நட்சத்திரம் வட்டமாகவே நிற்கும். 2000 மி.மீ. தொலைநோக்கியில் இதே கேமராவை மாட்டினால் அந்தத் தடுமாற்றம் இரண்டு பிக்சலாகிவிடும். பெரிய தொலைநோக்கி வேண்டும் என்ற ஆசையை ஓராண்டு தள்ளிப்போடுங்கள். அந்தப் பணம் மவுண்டுக்குப் போகட்டும். வானம் நொடிக்கு 15 ஆர்க் நொடி வேகத்தில் நகர்கிறது. ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று அதைப் பிடித்து நிறுத்துவது மவுண்டின் வேலை. அது தள்ளாடினால் மற்றதெல்லாம் வீண்.

ஃபில்டர் வாங்கும்போது அளவைப் பாருங்கள். இந்தச் சென்சாரின் மூலைவிட்டம் 22.5 மி.மீ. ஒன்றேகால் அங்குல ஃபில்டர் சென்சாருக்கு மிக அருகில் இருந்தால் சமாளிக்கும். வேகமான தொலைநோக்கியில் மூலைகள் இருளும். 36 மி.மீ. ஃபில்டர் இருந்தால் கவலையில்லை. எல்லா ஃபில்டரும் ஒரே தொகுப்பைச் சேர்ந்ததாக, ஒரே தடிமனில் இருக்கட்டும். 2 மி.மீ. கண்ணாடி ஃபோகஸைச் சுமார் 0.7 மி.மீ. பின்னுக்குத் தள்ளுகிறது, தடிமன் வேறுபட்டால் ஒவ்வொரு ஃபில்டருக்கும் ஃபோகஸ் எங்கெங்கோ போகும்.

நல்ல தொகுப்புகளில் இன்னொரு நுட்பம் உண்டு. ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர் ஒளி நீல ஃபில்டரிலும் பச்சை ஃபில்டரிலும் ஒருசேரப் புகும்படி இரண்டும் சற்றே ஒன்றன்மேல் ஒன்று விழும். அப்போதுதான் கோள்வடிவ நெபுலாக்களின் நீலப்பச்சை சரியாக வரும். பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் இடைவெளி விட்டிருப்பது 589 நானோமீட்டர் சோடியம் தெருவிளக்கைத் தடுக்க. எல்ஈடி விளக்குகள் வந்த தெருக்களில் அந்த இடைவெளியால் பெரிய பயனில்லை. எல்ஈடியின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவிக் கிடக்கிறது. இருண்ட இடத்துக்குப் போவதே அதற்கு மருந்து. ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு ஆய்வகம் அமைந்ததற்கு அந்த இருட்டு ஒரு காரணம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதி தெரிவது இன்னொரு காரணம். நமக்கும் அந்த இரண்டு வசதிகளும் உண்டு. மலைக்காட்டில் இரவு தங்குவதாக இருந்தால் வனத்துறையின் அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

முதல் இலக்கு: ரோசெட் நெபுலா

எல்லோரும் ஓரியன் நெபுலாவில் தொடங்குவார்கள். அழகானதுதான். ஆனால் அதன் நடுப்பகுதி சில நொடிகளில் நிரம்பி வெளுத்துவிடும். விளிம்போ பல நிமிடம் கேட்கும். இரண்டையும் இணைப்பது தொடக்கக்காரருக்குத் தேவையில்லாத சிக்கல். நான் ரோசெட் நெபுலாவைப் பரிந்துரைக்கிறேன். திருவாதிரை நட்சத்திரத்திலிருந்து புரோசியானுக்கு ஒரு கோடு போட்டால், திருவாதிரைப் பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கு தாண்டியதும் அதன் அருகில் வந்துவிடுவீர்கள். ஒரு டிகிரிக்கு மேல் அகலம், நம் சட்டத்தில் அளவாக உட்காரும். தூரம் சுமார் 5000 ஒளியாண்டு. நடுவே என்.ஜி.சி. 2244 என்ற இளம் நட்சத்திரக் கூட்டம். அதன் வெப்பமான நட்சத்திரங்களின் காற்றுதான் நடுவில் குழி பறித்திருக்கிறது. நெபுலா சிவப்பு, கூட்டத்தின் நட்சத்திரங்கள் நீலவெள்ளை, அருகிலேயே ஆரஞ்சு நட்சத்திரங்கள் சில. நிறம் சரியாக வந்ததா என்று சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு வசதி. வான நடுக்கோட்டிலிருந்து இதன் சாய்வு வடக்கே 5 டிகிரி; எனவே ஏறத்தாழ தலைக்கு நேர்மேலே கடந்துபோகும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி நடுவில் இரவு 11.15 வாக்கில் உச்சத்தில் இருக்கும். பிப்ரவரி நடுவில் 9 மணியளவில். உச்சத்தைத் தாண்டும்போது மவுண்டைப் புரட்டிப் போட வேண்டியிருக்கும். அந்த நேரத்தை முன்பே குறித்துவைத்து, கேபிள்கள் தளர்வாக இருக்கின்றனவா என்று பகலிலேயே ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

துருவம் தாழ்ந்த ஊரில்

மேல்நாட்டுப் புத்தகங்கள் துருவ நட்சத்திரத்தை போலார் ஸ்கோப்பில் பார்த்து மவுண்டைச் சரிசெய்யச் சொல்லும். நாகர்கோவிலில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 8 டிகிரி உயரம்தான், சென்னையில் 13. பெரும்பாலும் தென்னை மரமோ பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ மறைத்திருக்கும். தெரிந்தாலும், அவ்வளவு தாழ்வில் காற்றின் ஒளிவிலகல் அதை ஐந்து ஆர்க் நிமிடம் அளவுக்கு மேலே தூக்கிக் காட்டும்.

ஆகவே டிரிஃப்ட் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். கைடிங் மென்பொருளான பிஎச்டி2வில் இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. தெற்கு-வடக்குக் கோட்டுக்கும் வான நடுக்கோட்டுக்கும் அருகில் ஒரு நட்சத்திரத்தை எடுத்து, அது வடக்கிலோ தெற்கிலோ நழுவுவது நிற்கும்வரை மவுண்டைக் கிடைமட்டத்தில் திருப்புங்கள். பிறகு கிழக்கிலோ மேற்கிலோ தாழ்வாக உள்ள ஒன்றை எடுத்து, நழுவல் நிற்கும்வரை மவுண்டின் சாய்வை ஏற்றி இறக்குங்கள். இரண்டையும் மாறிமாறி ஒன்றிரண்டு சுற்று செய்தால் போதும். நினா மென்பொருளின் மூன்றுபுள்ளிச் சீரமைப்பு இன்னும் விரைவானது. துருவம் தெரியாமலே, வானத்தில் மூன்று இடங்களைப் படமெடுத்து அச்சு எங்கே நோக்குகிறது என்று கணக்கிட்டுவிடும்.

இவ்வளவு தாழ்ந்த சாய்வில் சில மவுண்டுகளின் எடைக்கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். வாங்கும் முன்பே 8 முதல் 13 டிகிரி வரை சாய்கிறதா, கம்பி இடிக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குளிரும் ஈரமும்

வெப்பத்தால் சென்சாரில் தானாக ஊறும் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ ஒவ்வொரு 6 டிகிரிக்கும் இரட்டிப்பாகும். 20 டிகிரி செல்சியஸிலிருந்து மைனஸ் 10க்குப் போனால் 32இல் ஒரு பங்காகக் குறையும். பல கேமராக்கள் சுற்றுப்புறத்தைவிட 40 டிகிரி வரை கீழே கொண்டுபோகும். ஆனால் நம் ஊர் ஏப்ரல் இரவை மனதில் வைத்து, ஆண்டு முழுவதும் எட்டக்கூடிய ஒரே வெப்பநிலையைத் தேர்ந்தெடுங்கள். மைனஸ் 10 நல்ல எண். ஜனவரியில் மைனஸ் 20 போக முடிகிறதே என்று ஆசைப்பட்டால், கேமராவை மூடி எடுக்கும் டார்க் படங்களை இரண்டு தொகுப்பாக எடுக்க வேண்டிவரும்.

கடலோர ஊர்களில் ஈரம் பெரிய எதிரி. சென்சார் அறைக்குள் உள்ள ஈரம் உறிஞ்சும் பொருள் நிறைந்துவிட்டால் சென்சாரின்மேல் உறைபனி படரும். படத்தின் நடுவே வெண்மையான பூ விரிந்ததுபோல் தெரியும். அதைக் கண்டதும் குளிரூட்டியை நிறுத்துங்கள். கேமரா கையேடு சொல்லும் முறையில் அந்தப் பொருளைக் காயவையுங்கள் அல்லது மாற்றுங்கள். லென்ஸின் முகப்பில் பனி இறங்காமலிருக்க டியூ ஹீட்டர் பட்டை ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஃபோகஸ்

பாட்டினோவ் மாஸ்க்கை முகப்பில் மாட்டி, பிரகாசமான நட்சத்திரத்தை நோக்கி, மூன்று ஒளிக்கோடுகளில் நடுக்கோடு சரியாக மையத்தில் வரும்வரை நகர்த்துங்கள். ஃபில்டர் விற்பவர்கள் எல்லா ஃபில்டருக்கும் ஒரே ஃபோகஸ் என்று எழுதியிருப்பார்கள். ஃபில்டரைப் பொறுத்தவரை அது உண்மையாக இருக்கலாம், லென்ஸ் அப்படியல்ல. ரிஃப்ராக்டர் நீலத்தைச் சற்றே வேறு இடத்தில்தான் குவிக்கும். சரிபார்க்காமல் விட்டால் நீலப்படத்தில் நட்சத்திரங்கள் பருத்து, இறுதிப் படத்தில் ஒவ்வொன்றையும் சுற்றி ஊதா வளையம் நிற்கும். எனவே முதல் சில இரவுகளில் ஒவ்வொரு ஃபில்டருக்கும் தனியே ஃபோகஸ் செய்து, ஃபோகஸரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபில்டருக்கு ஃபில்டர் உள்ள வேறுபாடு நிலையாக இருக்கும். பிறகு மென்பொருளே பார்த்துக்கொள்ளும். இரவு குளிரக் குளிரக் குழாய் சுருங்கும். வெப்பநிலை ஒன்றிரண்டு டிகிரி இறங்கினால் மறுபடி பாருங்கள்.

எவ்வளவு நேரம்?

இந்தக் கேள்விக்குப் பொத்தாம்பொதுவான பதில் வேண்டாம். உங்கள் வானமும் உங்கள் கேமராவுமே சொல்லட்டும். சிசிடி ஒவ்வொரு முறை படத்தை வெளியே படிக்கும்போதும் கொஞ்சம் இரைச்சல் சேர்கிறது. நம் சென்சாரில் அது சுமார் 8 எலக்ட்ரான். எக்ஸ்போஷர் குறைவாக இருந்தால் இந்த இரைச்சல்தான் படத்தை ஆளும். நீளமாக இருந்தால் வானத்தின் பின்னணி ஒளியே பெரிதாகி, படிக்கும் இரைச்சல் அதில் மூழ்கிப்போகும். பின்னணி, படிக்கும் இரைச்சலின் வர்க்கத்தைப்போல் பத்து மடங்கு இருந்தால் இழப்பு ஐந்து சதவீதம்தான். 8இன் வர்க்கம் 64; பத்து மடங்கு 640 எலக்ட்ரான். உங்கள் கேமராவில் ஒரு கவுண்டுக்கு 0.4 எலக்ட்ரான் என்று கையேடு சொன்னால், பின்னணி 1600 கவுண்ட் வரவேண்டும், பயஸ் அளவுக்கு (ஒளியே விழாவிட்டாலும் படத்தில் இருக்கும் அடிப்படை அளவுக்கு) மேலே. ஒரு நிமிடப் படம் எடுத்துப் பின்னணி எவ்வளவு என்று பாருங்கள். அதிலிருந்து பயஸ் அளவைக் கழித்து, வரும் எண்ணால் 1600ஐ வகுத்து, தேவையான நிமிடங்களைக் கண்டுபிடியுங்கள். இருண்ட மலையில் நீல ஃபில்டருக்கு நீண்ட நேரம் வரும், ஊருக்குள் குறைந்த நேரம் வரும். ஊரில் நேரம் குறைவதை வசதி என்று எண்ணிவிடாதீர்கள். பின்னணி விரைவில் நிரம்புகிறது என்றுதான் அதற்குப் பொருள். அங்கே மொத்த நேரம் பல மடங்கு தேவைப்படும்.

தொடக்கமாக ஆர் (சிவப்பு), ஜி (பச்சை), பி (நீலம்) மூன்றுக்கும் ஐந்து நிமிடப் படங்கள் பன்னிரண்டு வீதம், மொத்தம் மூன்று மணி நேரம் என்று திட்டமிடுங்கள். படங்களை நான்கு மடங்கு சேர்த்தால் தெளிவு இரண்டு மடங்காகும், பதினாறு மடங்கு சேர்த்தால் நான்கு மடங்கு. அதற்குக் குறுக்குவழி கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் மவுண்டைச் சில பிக்சல் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். இதை டிதரிங் என்பார்கள். சென்சாரின் கெட்ட பிக்சல்கள் ஒவ்வொரு படத்திலும் வானத்தின் வெவ்வேறு இடத்தில் விழும். அடுக்கும்போது மென்பொருள் அவற்றை எளிதில் கழித்துவிடும்.

எல் என்ற ஒளிர்வு ஃபில்டரை இந்த நெபுலாவுக்கு எடுக்க வேண்டாம். எல்லா நிறங்களையும் ஒன்றாக வாங்கும் அது விண்மீன் மண்டலங்களுக்கு அருமையானது. நுணுக்கத்தையெல்லாம் எல் வாங்கிக்கொள்ளும், நிறத்தை மட்டும் 2க்கு 2 பின்னிங்கில் விரைவாக எடுக்கலாம். சிசிடியில் நான்கு பிக்சலின் மின்னூட்டமும் படிக்கும் முன்பே சேர்வதால் இரைச்சல் ஒருமுறைதான் சேரும். ஆனால் ரோசெட் தன் ஒளியில் பெரும்பகுதியை ஒரே அலைநீளத்தில் வீசுகிறது. அதற்கு எல் வைத்தால் வானத்தின் பின்னணியைத்தான் அதிகம் சேர்ப்பீர்கள்.

எந்த வரிசையில் எடுப்பது? காற்று நீலத்தை அதிகம் சிதறடிக்கும், சிவப்பைக் குறைவாக. எனவே நெபுலா கிழக்கில் தாழ்வாக இருக்கும்போது சிவப்பு, உச்சத்தை நெருங்கும்போது நீலம், நடுவில் பச்சை என்பது பாட முறை. மேகம் வராது என்று உறுதியாகத் தெரிந்த இரவுக்கு அது சரி. நம் வானத்தை அப்படி நம்ப முடியாது. நள்ளிரவில் மேகம் வந்து மூடினால் கையில் ஒரு மணி நேரச் சிவப்பும் ஒரு மணி நேரப் பச்சையும் இருக்கும், நீலம் ஒன்றுகூட இருக்காது. ஃபோகஸ் வேறுபாட்டை மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுத்த பிறகு, ஆர்-ஜி-பி, ஆர்-ஜி-பி என்று சுழற்றி எடுப்பதே நம் ஊருக்கு ஏற்றது.

ஃபிளாட்: தவிர்க்கவே முடியாதது

ஃபில்டரில் ஒரு தூசி இருந்தால் அதன் நிழல் சென்சாரில் வட்ட வளையமாக விழும். சிவப்பு ஃபில்டரில் ஓரிடத்தில், நீல ஃபில்டரில் வேறிடத்தில். கறுப்பு-வெள்ளையில் அது இலேசான கறை. மூன்றையும் சேர்க்கும்போது சிவப்பு குறைந்த இடம் நீலப்பச்சை வளையமாகவும், நீலம் குறைந்த இடம் மஞ்சள் வளையமாகவும் தெரியும். மூலைகளின் இருளும் ஃபில்டருக்கு ஃபில்டர் மாறும். இதைப் பிறகு கையால் அழிக்க முயல்பவர்கள் நெபுலாவின் மெல்லிய விளிம்பையும் சேர்த்தே அழித்துவிடுகிறார்கள். சரியான ஒரே வழி, ஒவ்வொரு ஃபில்டருக்கும் சீரான வெளிச்சத்தில் ஃபிளாட் படங்கள் எடுத்து, நெபுலாப் படத்தை அதனால் வகுப்பது.

கேமராவைக் கழற்றக் கூடாது, திருப்பக் கூடாது, ஃபோகஸ் நெபுலாவை எடுத்த நிலையிலேயே இருக்க வேண்டும். வெளிச்சம் சென்சாரின் கொள்ளளவில் பாதியளவுக்கு வரட்டும். 65,535 கவுண்ட் உச்சமென்றால் 20,000 முதல் 30,000 வரை. நம் கேமராவில் இயந்திர ஷட்டர் இருப்பதால், நேரம் மூன்று நொடிக்குக் குறையக் கூடாது. ஒரு நொடியின் சிறு பங்கில் எடுத்தால் ஷட்டர் நகரும் நிழலே படத்தில் பதிந்துவிடும். ஒவ்வொரு ஃபில்டருக்கும் இருபது படங்கள் போதும்.

அந்தி வானத்தை வைத்து ஃபிளாட் எடுக்கலாம் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. நம்மூரில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி மிக விரைவாக இருண்டுவிடும். எல்லா ஃபில்டருக்கும் அளவான வெளிச்சம் கிடைக்கும் நேரம் மிகக் குறுகியது. வானத்தையே பயன்படுத்துவதானால் மாலையில் வெளிச்சம் அதிகம் வேண்டிய எச்-ஆல்ஃபாவில் தொடங்கி, பிறகு நிற ஃபில்டர்கள், கடைசியாக எல். விடியற்காலையில் இதற்குத் தலைகீழ். ஆனால் படம் வரைபவர்கள் பயன்படுத்தும் எல்ஈடி டிரேசிங் பலகை ஒன்றை வாங்கி, வெளிச்சம் அதிகமாக இருந்தால் வெள்ளைத் தாள்களை அடுக்கிக் குறைத்து, குழாயின் வாயில் வைத்து எடுப்பதே நிம்மதி. நேரத்தோடு போராட வேண்டியதில்லை, எல்லா ஃபில்டருக்கும் ஒரே சீரான வெளிச்சம் கிடைக்கும்.

டார்க், பயஸ் இரண்டும் எளிது. கேமராவை மூடி, அதே வெப்பநிலையில், அதே நேர அளவில் எடுப்பது டார்க். மிகக் குறைந்த நேரத்தில் எடுப்பது பயஸ். மழைக்கால இரவுகளில் வீட்டுக்குள் வைத்து எடுத்துச் சேமித்தால் பல மாதங்களுக்கு உதவும்.

சேர்த்தல்

இலவசமாகக் கிடைக்கும் சிரில் மென்பொருள் இந்த வேலை முழுவதையும் செய்யும். ஒவ்வொரு ஃபில்டரையும் தனித்தனியே கையாளுங்கள்: டார்க் கழித்து, ஃபிளாட்டால் வகுத்து, சீரமைத்து, ஒன்றாக அடுக்குங்கள். செயற்கைக்கோள் கோடுகளும் விமான விளக்குகளும் அடுக்கும்போதே நீங்கிவிடும். முடிவில் ஆர், ஜி, பி என மூன்று மாஸ்டர் படங்கள். சேர்க்கும் முன் ஒவ்வொன்றிலும் ஊர் வெளிச்சத்தால் வந்த சரிவைத் தனியாக நீக்குங்கள். மூன்றிலும் சரிவு ஒரே திசையில் இருக்காது. நேரம் நகர நகர நெபுலா வானத்தில் இடம் மாறியிருக்கும்.

சேர்த்ததும் படம் பெரும்பாலும் பச்சையாகவோ சிவப்பாகவோ தெரியும். பயப்பட வேண்டாம். சென்சாரின் உணர்திறன் நிறத்துக்கு நிறம் வேறுபடுவதன் விளைவு அது. கண்ணால் பார்த்து நகர்த்தாதீர்கள். சிரிலின் ஒளியளவுசார் நிறச்சீரமைப்பு, படத்திலுள்ள நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, அட்டவணையில் பதிவாகியுள்ள அவற்றின் நிறத்தோடு ஒப்பிட்டு, மூன்று படங்களின் விகிதத்தையும் சரிசெய்யும். இதற்குப் பிறகே ஸ்ட்ரெட்ச் செய்ய வேண்டும், அதாவது மங்கலான பகுதிகள் தெரியும்படி படத்தை வெளிச்சமாக்க வேண்டும். என்.ஜி.சி. 2244இன் நட்சத்திரங்கள் நீலவெள்ளையாகவும், பக்கத்து ஆரஞ்சு நட்சத்திரங்கள் ஆரஞ்சாகவும் நிற்கின்றனவா என்று பாருங்கள். நட்சத்திரங்கள் எல்லாமே வெள்ளையாக இருந்தால் அவை எக்ஸ்போஷரில் நிரம்பிவிட்டன. முப்பது நொடிப் படங்கள் சில எடுத்து நட்சத்திரங்களுக்கு மட்டும் அவற்றைப் பயன்படுத்தலாம்.

எச்-ஆல்ஃபாவைக் கலத்தல்

ஆர்ஜிபி படம் ஒன்று திருப்தியாக வந்த பிறகு எச்-ஆல்ஃபா எடுங்கள். அதற்குமுன் வேண்டாம். 7 நானோமீட்டர் அகல ஃபில்டர், எல் ஃபில்டர் விடும் பின்னணியில் சுமார் நாற்பதில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். அதனால் நிலவு உள்ள இரவிலும், ஊருக்குள்ளும்கூட எடுக்க முடியும். பின்னணி மிகக் குறைவாக இருப்பதால், முன்பு சொன்ன 640 எலக்ட்ரான் கணக்கை எட்ட முடியாது. உங்கள் மவுண்ட் தாங்கும் அதிகபட்ச நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடப் படங்கள் பன்னிரண்டு நல்ல இலக்கு. ஆக்சிஜனின் ஓ-3 ஃபில்டரை மட்டும் நிலவில்லாத இரவுக்கு ஒதுக்கிவையுங்கள். நிலவொளி நீலப்பச்சையில் அதிகம் சிதறுகிறது.

கலக்கும்போது சிவப்புப் படத்தை எடுத்துவிட்டு எச்-ஆல்ஃபாவை வைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். எச்-ஆல்ஃபாவில் நட்சத்திரங்கள் சிறியதாகத் தெரியும். பச்சையிலும் நீலத்திலும் பெரியதாக இருக்கும். எல்லா நட்சத்திரங்களைச் சுற்றியும் நீலப்பச்சை விளிம்பு வந்துவிடும். சிவப்பில் அதைப் பாதியளவு கலந்து பாருங்கள். அதோடு, நீலப் படத்திலும் பத்து முதல் பதினைந்து சதவீதம் எச்-ஆல்ஃபாவைச் சேருங்கள். இது அலங்காரத்துக்காக அல்ல. அதே ஹைட்ரஜன் 486.1 நானோமீட்டரில் எச்-பீட்டா என்ற நீல ஒளியையும் வீசுகிறது. எச்-ஆல்ஃபாவைப்போல் சுமார் மூன்றில் ஒரு பங்கு, நடுவிலுள்ள தூசியால் இன்னும் குறைந்து. நெபுலா இரத்தச் சிவப்பாக இல்லாமல் இளஞ்சிவப்பின் பக்கம் நகர்வது அதனால்தான், அதுவே அதன் உண்மை நிறத்துக்கு அருகில் இருப்பது.

1995இல் ஹப்பிள் எடுத்த கழுகு நெபுலாத் தூண்களின் படத்தைப்போல், கந்தகத்தைச் சிவப்பாகவும் ஹைட்ரஜனைப் பச்சையாகவும் ஆக்சிஜனை நீலமாகவும் வைக்கும் முறை தனி அத்தியாயத்துக்கு உரியது. அங்கே நிறம் வாயுவை அடையாளம் காட்டும் குறியீடு. ரோசெட்டில் அதையும் முயலலாம். நடுக்குழியில் ஆக்சிஜன் நன்றாகவே தெரியும். அதற்காக ஆர், ஜி, பி, எச்-ஆல்ஃபா நான்கின் ஸ்ட்ரெட்ச் செய்யாத மாஸ்டர் கோப்புகளையும் ஃபிளாட்டுகளையும், ஃபோகஸ் எண்கள், கேமரா திரும்பியிருந்த கோணம், வெப்பநிலை ஆகிய குறிப்புகளையும் ஒரே கோப்புறையில் தேதியிட்டுச் சேமித்து வையுங்கள். அடுத்த ஜனவரியில் கேமராவை அதே கோணத்தில் மாட்டி ஓ-3 எடுத்தால், பழைய எச்-ஆல்ஃபாவோடு மூலைவரை பொருந்தும்.